ஏழாம் நாற்காலிக்கு வாசித்த வாழ்க்கைகள்

டயாலிசிஸ் நிலையத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக நான் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். இயந்திரத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதப் போவதில்லை. அதை உங்களுக்கு மூன்று மாதத்தில் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். நான் ஓய்வு பெற்ற இந்த இரண்டு வருடத்தில் அதுவும் மாறியிருக்கும். ஊசி குத்துவதும் அப்படித்தான், ஐம்பது கை பார்த்தால் தானாக வந்துவிடும். நான் எழுதப் போவது புத்தகம் படிப்பதைப் பற்றி. அதிலும் பெண்களின் வாழ்க்கை வரலாறுகளைப் படிப்பதைப் பற்றி. சிரிக்காதீர்கள். நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் சிரித்தேன்.

முப்பத்தொரு வருடம் நர்ஸாக இருந்தேன். அதில் கடைசிப் பதினான்கு வருடம் புக்கிட் பாத்தோக்கில், ஒரு அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இருந்த சிறிய டயாலிசிஸ் நிலையத்தில். பன்னிரண்டு நாற்காலிகள். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் என்று வருடக்கணக்கில் வந்துபோகிறவர்கள். ஆஸ்பத்திரி வார்டில் நோயாளி வருவார், போவார். இங்கேயோ அவர்களுடைய பேரனுக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது என்பது வரைக்கும் உங்களுக்குத் தெரிந்துவிடும். உங்களுக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அவர்கள் உறவாகிவிடுவார்கள்.

தனம் அக்கா ஏழாம் நாற்காலி. திங்கள், புதன், வெள்ளி காலை. அறுபத்தாறு வயது. ஜூரோங்கில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் முப்பது வருடம் மைக்ராஸ்கோப்பில் குனிந்து, செய்து முடித்த சாமானில் குறை இருக்கிறதா என்று பார்த்தவர். சர்க்கரை நோய் அவருடைய சிறுநீரகத்தையும் எடுத்துக்கொண்டது, கண்ணையும் எடுத்துக்கொண்டது. வெளிச்சம் தெரியும், எதிரே ஆள் நிற்பது தெரியும், அவ்வளவுதான். கணவர் இல்லை. ஒரே மகள் சுமதி. விமான நிலையத்தில் ஷிப்ட் வேலை. அம்மாவைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து விட்டுவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடுவாள்.

வந்த முதல் வாரமே அக்கா என்னைக் கேட்டார்.

“மிஸ்ஸி, உங்களுக்குத் தமிழ் படிக்க வருமா?”

இங்கே அந்தக் கால ஆட்கள் நர்ஸை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகள் முகம் சுளிக்காதீர்கள், அது மரியாதைதான்.

“வரும்க்கா. ஸ்கூல்ல படிச்சதுதான்லா.”

“அப்ப இதைக் கொஞ்சம் படிங்க. கண்ணு இருந்தப்ப பாதி வரைக்கும் வந்தேன். போன்ல போட்டுக் கேளுங்கன்னு சுமதி சொல்றா. அதுல படிக்கிறவளுக்கு மூச்சே வாங்க மாட்டேங்குது. மனுஷங்க படிச்சா ஒரு இடத்துல மூச்சு வாங்கணும், ஒரு இடத்துல தடுமாறணும்.”

மடியில் பிளாஸ்டிக் பைக்குள் ஒரு நூலகப் புத்தகம் இருந்தது. என்னுடைய தேநீர் இடைவேளை இருபது நிமிடம். பாவம் என்று அன்றைக்கு அதில் ஐந்து நிமிடத்தை அவருக்குக் கொடுத்தேன். அடுத்த மாதத்தில் இருபதும் அவருடையதாகிவிட்டது. என் கோப்பி மேசையில் ஆறிப்போய்க் கிடக்கும்.

அவர் கொண்டுவந்தது எல்லாமே பெண்களின் வாழ்க்கை வரலாறு. ஒரு விமானி, ஒரு வக்கீல், ஒரு கணக்கு மேதை, கடலுக்கடியில் போய்ப் பாசி பொறுக்கி ஆராய்ச்சி செய்த ஒருவர். பெயர்களைச் சொல்ல மாட்டேன். சொன்னால் போனில் இரண்டு வரி பார்த்துவிட்டு, தெரிந்துகொண்டோம் என்று போய்விடுவீர்கள். நூலகத்துக்குப் போய் அலமாரி முன்னால் நின்று தேடுங்கள், கால் கொஞ்சம் வலிக்கட்டும். கதைப் புத்தகம் ஏன் வேண்டாம் என்று அக்காவை ஒரு நாள் கேட்டேன்.

“கதையில எழுதறவங்க மனசு வச்சா காப்பாத்திருவாங்க. இவங்களை யாரு காப்பாத்தினா? நெசமாவே மாட்டிக்கிட்டாங்க, நெசமாவே வெளிய வந்தாங்க. நான் ஃபேக்டரிக்குப் போனப்ப பதினாறு வயசு மிஸ்ஸி. சூப்பர்வைசர்கிட்ட முடியாதுன்னு எப்படிச் சொல்றது, யாருகிட்ட போய்க் கேக்கிறது? எங்கம்மாவுக்குத் தெரிஞ்சதெல்லாம் வாயை மூடிக்கிட்டு இருக்கிறது. அதான் இவங்களைக் கேட்டுக்கிட்டேன்.”

கேட்டுக்கொள்வதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். அந்த வக்கீலம்மா பெரிய வழக்கில் ஜெயித்த அத்தியாயத்தை நான் குரலை ஏற்றி இறக்கிப் படித்தேன். முடித்ததும் அவர், “ஜெயிச்சது சரி. அதுக்கு முந்தின வாரம் என்ன பண்ணினா? அதைத் திரும்பப் படிங்க” என்றார். முந்தின வாரத்தில் அந்த அம்மாள் பயத்தில் சாப்பிட முடியாமல் இருந்திருக்கிறார், இரண்டு தடவை ராஜினாமாக் கடிதம் எழுதிக் கிழித்திருக்கிறார். தனம் அக்காவுக்கு அதுதான் வேண்டும். மெடல், மாலை, படம் திறப்பு எல்லாவற்றையும் தாண்டச் சொல்லிவிடுவார்.

இப்போது என் தப்புகளுக்கு வருகிறேன். முதல் தப்பு, கொட்டாவி.

அந்த விமானியின் புத்தகத்தில் முதல் ஐம்பது பக்கம் அவருடைய தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று போகும். நான் படித்துக்கொண்டிருக்கும்போது அக்கா கொட்டாவி விட்டார். எனக்கே அலுப்பாக இருந்தது, அவருக்கு இருக்காதா என்று பத்துப் பக்கம் தள்ளி, விமானம் ஏறும் இடத்துக்குப் போனேன். மறுபடி கொட்டாவி. இன்னும் தள்ளினேன், குரலையும் ஏற்றினேன். அடுத்த கொட்டாவி வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் உதடு வெளுத்து, தலை ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. டயாலிசிஸில் உட்கார்ந்திருப்பவர் அடுத்தடுத்துக் கொட்டாவி விட்டால் ரத்த அழுத்தம் இறங்குகிறது என்று அர்த்தம். முதல் மாதத்தில் உங்களுக்குச் சொல்லித் தருகிற பாடம் இது. எனக்கு அப்போது டயாலிசிஸில் மட்டும் ஒன்பது வருட அனுபவம். புத்தகம் போர் அடிக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

காலைத் தூக்கி வைத்து, செய்ய வேண்டியதைச் செய்து, ஐந்தாறு நிமிடத்தில் அக்கா கண்ணைத் திறந்துவிட்டார். அப்போது எங்களுக்கு ஒரு மேலாளர் இருந்தார். அதிகம் பேச மாட்டார், பேசினால் நெஞ்சில் நிற்கும். என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இனிமேல் படிக்காதே என்று சொல்வார் என எதிர்பார்த்தேன்.

“நீ புக்கைப் பாத்தே, பேஷண்டைப் பாக்கல. இனிமே ஒரு வரி படி, ஒரு தடவை முகத்தைப் பாரு. முடியும்னா படி. முடியாதுன்னா நிறுத்திரு.”

முதலில் கஷ்டமாக இருந்தது, வரி தவறிப்போகும். ஒரு மாதத்தில் பழகிவிட்டது. பழகிய பிறகு ஒன்று நடந்தது. வாழ்க்கை வரலாறு என்பது யாரோ ஒருவருடையது என்ற நினைப்பு எனக்குப் போய்விட்டது. ஒரு வரி அந்த விமானி, ஒரு பார்வை தனம் அக்கா. ஒரு வரி அவர், ஒரு பார்வை இவர். யாருடைய கதையைப் படிக்கிறேன் என்று சில நாள் எனக்கே குழம்பும்.

படித்தது உதவியதா என்று கேட்பீர்கள். உதவியது. ஒரு காலையில் புளோக் முழுவதும் மின்சாரம் போய்விட்டது. பன்னிரண்டு இயந்திரமும் ஒரே நேரத்தில் அலறின. பேட்டரி கொஞ்ச நேரம்தான் தாங்கும். அதற்குள் பம்பைக் கையால் சுற்றி, வெளியே இருக்கும் ரத்தத்தை அவரவர் உடம்புக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். அன்றைக்கு நாங்கள் நான்கு பேர்தான், மேலாளரும் விடுப்பு. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அப்போது இருட்டுக்குள்ளிருந்து ஏழாம் நாற்காலி சத்தம் போட்டது.

“மிஸ்ஸி, கையை மடியில வையுங்க!”

அந்த விமானி, நடுவானில் என்ஜின் நின்றபோது முதலில் செய்த காரியம் அது. எதையும் தொடாமல் கையை மடியில் வைத்து, மூன்று மூச்சு விட்டுவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகச் செய்தார். முந்தின வாரம்தான் படித்திருந்தோம். நான் நின்றபடியே இரண்டு கையையும் வயிற்றில் வைத்து மூன்று மூச்சு விட்டேன். யாருக்கு எந்த மூன்று நாற்காலி என்று வாய் தானாகச் சொன்னது. பன்னிரண்டு பேரும் பத்திரமாக வீட்டுக்குப் போனார்கள். பயிற்சி வகுப்பில் இதைத்தான் சொல்லியிருப்பார்கள், ஆனால் எனக்கு ஞாபகம் வந்தது ஒரு பெண்ணின் மடியும் அதில் இருந்த கையும்தான்.

அடுத்த தப்பு, இதை எழுத உட்கார்ந்ததற்கே காரணம். அதைச் சொல்வதற்கு முன் நம் தொழிலின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒரு நாற்காலி காலியானால் மற்ற நோயாளிகள் கேட்பார்கள். “அந்த அங்கிள் எங்கே மிஸ்ஸி, ரெண்டு வாரமா காணோம்?” நாம் சட்டென்று சொல்லும் பதில் ஒன்று உண்டு: வேற சென்டருக்கு மாத்திட்டாங்க. கேட்டவருக்கும் தெரியும், சொன்ன நமக்கும் தெரியும். பக்கத்து நாற்காலிக்காரர் மனம் உடைந்துவிடக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். நான் அதைப் பல வருடம் கூசாமல் சொன்னேன். சொல்லிச் சொல்லி நாக்கு பழகிவிட்டது.

தனம் அக்கா வந்து மூன்றாவது வருடம். அவருடைய இதயம் பலவீனமாகிக்கொண்டே வந்தது. நான்கு மணி நேரம் முடிந்தால் மறுநாள் முழுவதும் படுக்கைதான் என்று சுமதி சொன்னாள். அந்தச் சமயத்தில் அக்கா ஒரு குறிப்பிட்ட புத்தகத்தை எடுத்துவரச் சொல்லி அவளை நச்சரித்திருக்கிறார். வறண்ட ஒரு மாவட்டத்தில் மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போய் வைத்தியம் பார்த்து, கடைசியில் ஒரு ஆஸ்பத்திரியே கட்டிய பெண் மருத்துவரின் வாழ்க்கை. நாங்கள் அவருக்கு வண்டி டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டோம். தடித்த புத்தகம், இருபது இருபது நிமிடமாகப் படித்து மூன்று மாதம் ஓடியது.

ஒரு காலையில் சுமதி ரயிலுக்கு ஓடாமல் என்னை வாசலுக்குக் கூப்பிட்டாள்.

“மிஸ்ஸி, சோகமா எதுவும் படிக்காதீங்க, ப்ளீஸ். அம்மா மூட் டவுன் ஆகுது. டயாலிசிஸ் வேணாம்னு சொல்லிருவாங்களோன்னு பயமா இருக்கு. எனக்கு வேற யாரும் இல்ல.”

நான் அவள் கையைப் பிடித்து, கவலைப்படாதே என்றேன். அந்த வாரக் கடைசியில் சுமதியிடம் புத்தகத்தை இரவல் வாங்கிப் போய், கிளமெண்டியில் என் வீட்டு சோபாவில் உட்கார்ந்து, மீதியிருந்த மூன்று அத்தியாயத்தையும் முன்கூட்டியே புரட்டிப் பார்த்தேன். வண்டி டாக்டருக்கு நோய் வருகிறது. இரண்டு வருடம் சிகிச்சை எடுத்துக்கொள்கிறார். பிறகு ஒரு நாள் போதும் என்று நிறுத்திவிடுகிறார். இதை எப்படி ஏழாம் நாற்காலி பக்கத்தில் உட்கார்ந்து படிப்பது?

படிக்கவில்லை. திங்கள், புதன், வெள்ளி, மூன்று இடைவேளையும் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். வண்டி டாக்டருக்கு நோய் வந்தது வரை நிஜம். அதற்குப் பிறகு நானே குணமாக்கிவிட்டேன். புதிதாக ஒரு பிரசவ வார்டு கட்டினேன். வாசலில் வேப்பங்கன்று நட்டேன். கூடவே வாழ்ந்த தங்கைக்கு ஒரு நாய்க்குட்டி வாங்கிக் கொடுத்தேன். எண்பத்தொரு வயது வரை வாழவைத்தேன். பள்ளிக்கூடத்துக் கட்டுரையில் ஒரு பக்கம் நிரப்பத் திணறிய எனக்கு அவ்வளவு கற்பனை எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. முடித்ததும் அக்கா, “அப்படியா. நல்லது” என்றார். புத்தகத்தை நானே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று சுமதியிடம் வாங்கிக்கொண்டு, அன்றைக்கே நூலகப் பெட்டியில் போட்டேன்.

அடுத்த திங்கள் அக்கா புத்தகம் கொண்டுவரவில்லை. களைப்பாக இருக்கிறது என்றார். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். மூன்று வாரம் நான் சூடான கோப்பி குடித்தேன். ஒவ்வொரு தடவையும் அவருடைய ரத்த அழுத்தம் இன்னும் கொஞ்சம் சீக்கிரமாக இறங்கியது. மூன்றாவது வாரம் புதன்கிழமை, நான் கட்டைப் பிரித்து ஊசியை எடுத்துக்கொண்டிருந்தபோது மெதுவாகச் சொன்னார்.

“மிஸ்ஸி, அந்தக் கடைசி மூணு நாளும் நீங்க பக்கமே திருப்பல.”

அவர் கையில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“முப்பது வருஷம் குறை கண்டுபிடிச்சவ நான். கண்ணு போச்சு, காது போகல. திருப்பற சத்தம் வரவே இல்லியே.”

“அக்கா, சுமதிதான்... உங்க மனசு கஷ்டப்படும்னு...”

“எனக்கு முடிவு தெரியும் மிஸ்ஸி. முப்பது வயசுல படிச்ச புக் அது. அவங்க நிறுத்தினாங்க, எனக்கு ஞாபகம் இருக்கு. தங்கச்சிகிட்ட அதை எப்படிச் சொன்னாங்கங்கிறதுதான் மறந்துபோச்சு. டாக்டர்கிட்ட நான் பேசிட்டேன். உங்க ஹார்ட்டுக்கு இனிமே மெஷின் நாளைக் கூட்டாது, களைப்பைத்தான் கூட்டும்னாரு. நிறுத்தறதா வேணாமான்னு நீங்க முடிவு பண்ணுங்க, மகள்கிட்ட பேசுங்கன்னாரு. முடிவு பண்ணிட்டேன். அவகிட்ட வாயைத் தொறந்தா வார்த்தை வரல. மூணு மாசமா அந்த ஒரு பக்கத்துக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தேன்.”

அவர் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. கையை மட்டும் நீட்டி என் கையைத் தேடினார்.

மறுநாள் எனக்கு விடுமுறை. காலையிலேயே நூலகத்துக்கு ஓடினேன். நான் திருப்பிக் கொடுத்த பிரதியை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். தமிழ்ப் புத்தகம் என்றால் தேக்கா என்று ரயிலேறி, சிராங்கூன் ரோட்டில் ஒரு கடைக்குள் போய் மூச்சிரைக்க நின்றேன். கடைக்காரம்மா ஏற இறங்கப் பார்த்தார்.

“அந்த மாதிரி புக் யாரு கேக்கிறா சிஸ்டர்? காலண்டர் இருக்கு, சமையல் புக் இருக்கு, பஞ்சாங்கம் இருக்கு. ரொம்ப அவசரமா?”

“ரொம்ப அவசரம்.”

என் முகத்தில் என்ன பார்த்தாரோ, வாடிக்கையாளரை நிறுத்திவைத்துவிட்டுத் தன் போனில் நூலகப் பட்டியலைத் தேடினார். சிராங்கூன் நூலகத்தில் இன்னொரு பிரதி இருந்தது. அங்கே போய் அலமாரியில் அதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு புத்தகத்துக்காக நான் அழுதது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை சுமதியும் இருந்தாள். இன்றைக்கு லீவு போடு என்று அக்கா சொல்லியிருக்கிறார். இடைவேளைக்கு நான் புத்தகத்தோடு வந்ததைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. அம்மா மறுபடி படிக்கக் கேட்கிறார், தெம்பு வந்துவிட்டது என்று நினைத்துவிட்டாள், பாவம். நான் வாக்குக் கொடுத்தது ஒருத்திக்கு, கடன்பட்டது இன்னொருத்திக்கு. இரண்டு பேரும் இரண்டு பக்கம். மேலாளர் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் பக்கத்தில் வந்து, “இன்னிக்கு நேரம் பாக்காதே. உன் நாற்காலிங்களை நான் பாத்துக்கறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

படித்தேன். ஒரு வரி, ஒரு முகம் என்றில்லாமல் ஒரு வரிக்கு இரண்டு முகத்தைப் பார்த்துப் படித்தேன். சிகிச்சையை நிறுத்த வண்டி டாக்டர் முடிவு செய்த இடம் வந்தது. சுமதி எழுந்துவிட்டாள்.

“மிஸ்ஸி, நிறுத்துங்க. நான் உங்ககிட்ட என்ன சொன்னேன்?”

“உக்காரு சுமதி,” என்றார் அக்கா. “அம்மா கேட்டுத்தான் படிக்கிறாங்க. நீங்க படிங்க மிஸ்ஸி.”

அன்று மாலை வண்டி டாக்டர் தங்கையிடம் தன் முடிவைச் சொன்னார் என்று இருந்தது. தங்கை இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து டாக்டருக்குத் தலை வாரிவிட்டார். அதோடு அந்தப் பத்தி முடிந்து, அடுத்த பத்தி ஆஸ்பத்திரிக் கிணற்றுக்குப் போய்விட்டது.

“என்ன சொன்னாங்க?” என்று கேட்டார் அக்கா.

“அது போடலக்கா.”

“முந்தின பக்கம் பாருங்க.”

பார்த்தேன். பின்னாலும் பார்த்தேன். எங்கேயும் இல்லை. எழுதியவருக்கும் தெரிந்திருக்காது, இரண்டு பேர் அறைக்குள் பேசிக்கொண்டது எப்படித் தெரியும்? நான் அதைச் சொன்னபோது தனம் அக்கா லேசாகச் சிரித்தார்.

“சரி. அவங்களும் திணறித்தான் இருப்பாங்க. சுமதி, இங்க வா. கிட்ட வா.”

அந்த இடத்தில் எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கலைத்துவிடுவது நமக்குக் கை வந்த வேலை. ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். முப்பத்தொரு வருடத்தில் நான் எடுத்த நல்ல முடிவுகளில் அதுவும் ஒன்று.

“சின்னப் பிள்ளையில உன்னை நீச்சல் குளத்துக்குக் கூட்டிட்டுப் போவேன்லா. எல்லாரும் ஏறிப் போயிருவாங்க, நீ ஏற மாட்டே. விரலெல்லாம் சுருங்கி, உதடு நீலமாப் போயிரும். இன்னும் அஞ்சு நிமிஷம்மா, இன்னும் அஞ்சு நிமிஷம்மாம்பே. நான் டவலை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். இப்ப நான் தண்ணியில இருக்கேன்டி. ரொம்ப நேரமா இருக்கேன், உனக்காகத்தான் இருந்தேன். ரொம்பக் குளுருது. அம்மா ஏறிர்றேன். நீ டவலைப் பிடிச்சுக்கிட்டு நில்லு.”

சுமதி, நழுவிக் கிடந்த போர்வையை எடுத்து அம்மாவின் கழுத்து வரை இழுத்து மூடினாள். அப்படியே குனிந்து அந்தப் போர்வையில் முகத்தை வைத்துக்கொண்டாள். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

டாக்டரிடம் தாயும் மகளுமாகப் போய்ப் பேசினார்கள். வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்ளும் நர்ஸுகளை ஏற்பாடு செய்தார்கள். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஏழாம் நாற்காலிக்கு அக்கா வரவில்லை. எட்டு நாள் வீட்டில் இருந்தார். வலி இல்லாமல் போனார் என்று கேள்விப்பட்டேன். பக்கத்து நாற்காலிக்காரர் என்னிடம் கேட்டபோது, இறந்துவிட்டார் என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் அழுதார். ஒன்றும் உடைந்துபோகவில்லை.

நான் இன்றைக்கும் படிக்கிறேன். வாரம் ஒரு பெண். நூலகத்தில் அந்த அலமாரிக்கு முன்னால் நிற்கும்போது, இதை அக்கா படித்திருப்பாரா, எந்தப் பக்கத்தை மறுபடி படிக்கச் சொல்வார் என்றுதான் முதலில் தோன்றுகிறது. வீட்டில் தனியாக உட்கார்ந்து சத்தமாகவே படிக்கிறேன். மெடல் வாங்கும் இடத்தைத் தாண்டிவிடுகிறேன். ஒரு வரி முடிந்ததும் கண் தானாக நிமிர்கிறது, எதிரே காலியாக இருக்கிறது. எனக்கு அந்த இருபது நிமிடம் வேண்டும். ஆறிப்போன கோப்பியும் வேண்டும். இதை எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதுகிறேன்.

உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். படியுங்கள், கூட இருப்பவருக்கும் படித்துக் காட்டுங்கள். கடினமான அத்தியாயம் வந்தால் முதலில் அவரைக் கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் மூடிவிடுங்கள். அவரைக் கேட்காமல், அவருக்காக, நீங்களாக ஒரு பக்கத்தைத் தாண்டாதீர்கள்.

அக்கா போய் ஒரு மாதம் கழித்துச் சுமதி நிலையத்துக்கு வந்தாள். அம்மாவின் போர்வையையும் பெரிய டின் பிஸ்கட்டையும் கொடுத்துவிட்டுப் போக வந்தவளை நான் உட்காரவைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். வேப்பங்கன்று, நாய்க்குட்டி, எண்பத்தொரு வயது, எல்லாம். நான் ஒழுங்காகப் படித்திருந்தால் அம்மா மூன்று வாரத்துக்கு முன்னாலேயே உன்னிடம் பேசியிருப்பார், உனக்கு எட்டு நாளுக்குப் பதில் ஒரு மாதம் இருந்திருக்கும் என்றேன். நீங்களும் என் நல்லதுக்குத்தானே செய்தீர்கள் என்று சொல்வாள் என உள்ளுக்குள் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

அவள் டின்னை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

“அந்த எட்டு நாளும் அம்மாகிட்ட அவங்க கதையைக் கேட்டேன் மிஸ்ஸி,” என்றாள். “முதல்லேருந்து சொல்லுங்கன்னேன். டெய்லி கொஞ்சம் கொஞ்சமா சொன்னாங்க. அப்பாவைப் பாத்தது வரைக்கும் வந்துட்டாங்க, கல்யாணம் ஆச்சு, வாடகை வீட்டுக்குப் போனாங்க. அதுக்குள்ள முடிஞ்சிருச்சு.”

டின்னின் மூடியை அழுத்தி மூடினாள்.

“நான் இன்னும் பொறக்கவே இல்ல மிஸ்ஸி.”